அடங்கியிருக்கும் காலத்து மருந்து

காய்ச்சல், தலைவலி என்றால் கோயில் முற்றத்திலேயே சொல்லிவிடலாம். இரத்தமும் சளியும் கலந்து நாளொன்றுக்குப் பத்துமுறை மலம் கழிகிறது என்பதை யாரிடம் சொல்வது? அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் அழற்சியால் எங்கள் மருமகள் ஏழாண்டுகளாக வருந்தி வருகிறாள். திருப்பலியின்போது அவள் கடைசி வரிசையில் வாயிலையொட்டி அமர்வதைப் பக்திக் குறைவென்று எண்ணியவர்களும் உண்டு.

இது தொற்றுநோயன்று, மிளகாயால் வந்ததுமன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே பெருங்குடலின் உட்சவ்வைத் தாக்கிப் புண்ணாக்குகிறது. சுவீடன் நாட்டு மருத்துவர் நான்னா ஸ்வார்ட்ஸ் அம்மையார் மூட்டுவாதத்தை மனத்திற்கொண்டு ஆராய்ந்த சல்பாசலசின், 1940-களில் இந்நோய்க்கும் மருந்தாயிற்று. அதன் வழிவந்த மெசலமின் இன்றும் மிதமான நோய்க்கு முதல் மருந்து. நோய் மலக்குடலோடு நிற்குமாயின், விழுங்கும் மாத்திரையைவிட ஆசனவாயில் வைக்கும் மருந்தே நன்கு பயன்படும். நாணத்தால் அதனை மறுப்போர் பலர்; என் செய்வது!

நோய் சீறும்போது ஸ்டீராய்டு விரைந்து அடக்கும். 1955-இல் ஆக்ஸ்போர்டு மருத்துவர்கள் ட்ரூலவும் விட்ஸும் வெளியிட்ட ஆய்வு இதனை நிலைநாட்டியது. ஆனால் நெடுநாள் உட்கொண்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆதலால் அசதயோபிரின் போன்றவற்றுக்கு மாற்றுவர்; அதற்கு அவ்வப்போது இரத்தப் பரிசோதனை தேவை. அதற்கும் அடங்காதோர்க்கு இன்ப்ளிக்ஸிமாப் என்னும் ஊசிமருந்து உண்டு. அமெரிக்காவில் 2005-இல் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்றது. உறங்கிக் கிடக்கும் காசநோயை அது எழுப்பிவிடக்கூடும் என்பதால், முன்னரே மார்புப் படமும் பரிசோதனையும் செய்கின்றனர். விலையோ நடுத்தரக் குடும்பத்தை நடுங்க வைப்பது. எதுவும் பயன்படாவிடில் பெருங்குடலை அகற்றிச் சிறுகுடலின் நுனியாலேயே பை அமைக்கும் அறுவை இருக்கிறது. லண்டனில் பார்க்ஸும் நிக்கல்ஸும் 1978-இல் அறிவித்த முறை அது.

எனினும் எங்கள் வீட்டில் பெரும் போராட்டம் நோய் அடங்கிய காலத்தில்தான் வந்தது. எட்டு மாதம் இரத்தம் காணாதிருந்த ஒரு தவக்காலத் தொடக்கத்தில், “நலமாகத்தானே இருக்கிறேன் அத்தை, மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பிருக்கிறேனே” என்றாள். நலமாக இருப்பதே அந்த மாத்திரையால்தான் என்று மருத்துவர் விளக்கினார். அவள் அரை மனத்துடன் தலையசைத்தாள். பங்குத்தந்தை கூறியதே அவளை அசைத்தது: நோயுற்றோரை நோன்புக் கடமை கட்டுப்படுத்துவதில்லை, நற்கருணைக்கு முந்திய ஒருமணி நேர நோன்பிலிருந்தும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் நோயாளருக்கும் அவரைப் பேணுவோர்க்கும் விலக்களிக்கிறது. அன்றிரவு மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நோய் கண்டு எட்டாண்டுகள் ஆனபின், புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று அறியக் குடலுள் கருவி செலுத்திப் பார்க்க வேண்டும். அடுத்த ஆண்டு அவளுக்கு அம்முறை. அதற்கு முன்பாக, திருப்பலி வேளையில் பூட்டிவைக்கப்படும் கோயில் கழிப்பறையைத் திறந்துவைக்குமாறு பங்குப் பேரவைக்கு விண்ணப்பம் எழுதியிருக்கிறோம். காரணத்தை அவளே தன் கையால் எழுதி, பெயரும் இட்டிருக்கிறாள்.