தண்டவாளத்தின் ஜாதகம்

சிலருக்குப் பழைய நாணயம் என்றால் உயிர். சிலருக்குத் தபால் தலை. பெர்லினில் எனக்கு ஊர் சுற்றிக் காட்டிய கிழவருக்கோ பழைய தண்டவாளம். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்குக்கட்டி வைத்திருப்பார்.

முதல் நாள் ஷோனபெர்கில் உள்ள ஸூட்கெலெண்டே பூங்காவுக்கு அழைத்துப் போனார். 1952-ல் மூடப்பட்ட ரயில் யார்டு அது. மரங்கள் தாமாக முளைத்துக் காடாகிவிட, 2000-ல் பூங்காவாகத் திறந்துவிட்டார்கள். கிழவர் பாதையோரத்தில் மண்டியிட்டு, தண்டவாளத்தின் பக்கவாட்டில் சாக்குக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தார். துருவுக்குள்ளிருந்து எழுத்துக்கள் எழும்பி வந்தன.

"ஆலையின் பெயர் ஒன்று. க்ருப்பாக இருக்கலாம், போஹும் ஆலையாக இருக்கலாம். அடுத்து வருஷம். சிலவற்றில் மாதமும் உண்டு. எஸ் 49 என்றிருந்தால் மீட்டருக்குச் சுமார் 49 கிலோ ரகம்."

எழுத்து அழிந்திருந்தால்? கவலையில்லை. பழுக்கக் காய்ந்த உருக்கை உருளைகளுக்கு நடுவே விட்டு நீட்டுகிறார்கள் அல்லவா? அந்த உருளையில் எழுத்தைப் பள்ளமாக வெட்டியிருப்பார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முத்திரை. சில அடி தள்ளிப் போனால் அதே பெயர் மறுபடியும் கிடைக்கும்.

"ஆனால் இது பிறந்த தேதிதான்; இங்கே வந்த தேதி அல்ல. பெரிய லைனில் தேய்ந்ததைக் கிளை லைனுக்கு மாற்றுவார்கள், பிறகு யார்டுக்கு."

எனக்கு ஒரே உற்சாகம்.

மறுநாள் க்ரூனவால்ட் ஸ்டேஷன், பதினேழாவது லைன். 1941 அக்டோபர் 18-ல் பெர்லின் யூதர்களை நாடு கடத்திய முதல் வண்டி இங்கிருந்துதான் புறப்பட்டது. 1998-ல் ஜெர்மன் ரயில்வே இதை நினைவிடமாக்கியது. பிளாட்பாரத்து ஓரங்களில் 186 உருக்குத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை பேர், எந்த ஊருக்கு.

பழக்க தோஷம், குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தேன். சாக்குக்கட்டிக்காகக் கை நீட்டினேன். கிழவர் தரவில்லை.

"என் தகப்பனாரும் ரயில்வேக்காரர். யுத்த காலத்தில் இந்த ஊரில்தான் வேலை. ஒவ்வொரு வண்டிக்கும் யாரோ ஒருவர் சிக்னல் கொடுத்திருப்பார் அல்லவா? அவர் இருந்தவரை நான் கேட்கவில்லை. ஊரிலுள்ள தண்டவாளங்களையெல்லாம் தேதி கேட்டேன். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை."

அப்புறம் தகடு தகடாகப் படித்துக்கொண்டு மெதுவாக நடந்தார். நானும் கூட நடந்தேன். 1945 மார்ச் 27, பதினெட்டுப் பேர் என்று ஒரு தகடு. ஜெர்மனி சரணடைய இன்னும் ஆறு வாரந்தான் இருந்தது.

வெளியே வந்ததும் சாக்குக்கட்டியை என் கையில் வைத்துவிட்டு, "இனி உங்களிடம் இருக்கட்டும்" என்றார்.

அது இப்போது என் மேஜையில் இருக்கிறது. என் தகப்பனார் அடுத்த அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. அவரிடம் நான் கேட்காமல் வைத்திருக்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையைத் தபாலில் சேர்த்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன்.