புலம்பலும் இசையே

இசை என்றவுடன் இனிமையை எதிர்பார்ப்பது மனித இயல்பு. செவிக்கு இதம் தருவதே இசை, ஏனையவை வெறும் ஓசை என்று எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். அத்தீர்ப்பை மீண்டும் எண்ணிப் பார்க்கத் தூண்டுகிறது அமெரிக்காவின் குரோனோஸ் நால்வர் இசைக்குழு.

இரு வயலின்கள், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நரம்புக் கருவிகளின் கூட்டிசைக்கு 18ஆம் நூற்றாண்டில் செம்மையான வடிவம் தந்தவர் ஹைடன். அந்த மரபில் பயின்றவரே டேவிட் ஹாரிங்டன் என்னும் இளம் வயலின் கலைஞர். 1973இல் சியாட்டில் நகரில் இவர் வானொலியில் ஒரு படைப்பைக் கேட்டார். அது ஜார்ஜ் கிரம் இயற்றிய 'கரிய தேவதூதர்கள்'. வியட்நாம் போரின் நிழலில் பிறந்த அதன் ஏட்டில், 'போர்க்காலத்தில்' என்று இலத்தீனில் குறித்து, 1970 மார்ச் 13 என நாளிட்டிருந்தார் கிரம்.

அதில் மின்பெருக்கிகளின் வழியே நரம்புகள் பூச்சிக் கூட்டம்போல் இரைகின்றன. கலைஞர்கள் பல மொழிகளில் எண்களை உச்சரிக்கின்றனர். முன்னாளில் இறந்தோருக்கான திருப்பலியில் இலத்தீனில் பாடப்பெற்ற 'சினத்தின் நாள்' என்னும் பாடலின் மெட்டும் இடையே எழுகிறது. பின்னர், மூவர் நீர் நிறைத்த கண்ணாடிக் கிண்ணங்களின் விளிம்பை வில்லால் வருட, அம்மெல்லொலியின்மேல் செல்லோ தனித்துப் பாடுகிறது. அப்பகுதியின் பெயர் 'இறைவனின் இசை'. அலறலைக் கடந்தே அந்த அமைதியை அடைகிறோம்.

இத்தகைய இசைக்கென்றே ஹாரிங்டன் அவ்வாண்டில் குரோனோஸ் குழுவைத் தொடங்கினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய படைப்புகளும் இசைக்கோப்புகளும் அக்குழுவுக்காக எழுதப்பட்டன. அவற்றுள் ஒன்று, ஸ்டீவ் ரைஷ் 1988இல் இயற்றிய 'வேறுவேறு இரயில்கள்'. பெற்றோர் பிரிந்து வாழ்ந்ததால், சிறுவயதில் நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்சுக்கும் இடையே இரயிலில் சென்றுவந்தவர் ரைஷ். 'அந்நாளில் யூதனாகிய நான் ஐரோப்பாவில் இருந்திருந்தால் எந்த இரயிலில் ஏற்றப்பட்டிருப்பேன்?' என்னும் எண்ணமே படைப்பின் கரு. நாசிகளின் யூத இன அழிப்பில் உயிர் பிழைத்தோரின் பதிவுசெய்த பேச்சு அதில் ஒலிக்கிறது. அப்பேச்சின் ஏற்ற இறக்கங்களையே கருவிகள் மெட்டாக ஏற்றுப் பின்தொடர்கின்றன. துயருற்றோர் பேச, கலை அவர்களுக்குப் பணிந்து பின்செல்கிறது!

திருப்பாடல்களுள்ளும் புகழ்ச்சியோடு புலம்பலும் உண்டன்றோ? புலம்பலை நீக்கிவிட்டால் அந்நூல் இனிமையாகலாம், உண்மை குன்றிவிடும். காயமுற்றவரின் குரல் பண்ணோடு வருவதில்லை. செவிக்கு இனியதை மட்டுமே கேட்கப் பழகியவர், அக்குரல் தம் வாயிலில் எழும்போது அதை எங்ஙனம் அறிவார்?