நொய்யல் கரையோடு ஒரு நாள்

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் கோவையில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். "வழக்கம் போலக் கோயில், கடைத்தெரு என்று சுற்ற வேண்டாம் அக்கா. நொய்யல் கூடவே ஒரு நாள் போய்ப் பார்ப்போமா?" என்றாள். கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு, குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகப் போய்க் காவிரியில் சேருகிற ஆறு இது. காஞ்சிமாநதி என்பது பழைய பெயர். மலையடிவாரத்தில் பார்க்க வேண்டுமே! அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணிவிடலாம். குழந்தைகள் தண்ணீரை விட்டு வர மறுத்துவிட்டார்கள்.

அடுத்தது பேரூர். பட்டீசுவரர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் படித்துறைக்குப் போனோம். முன்னோருக்குத் தர்ப்பணம் செய்கிற புண்ணிய இடம். ஆனால் ஓரமெல்லாம் பழைய துணி, பாலித்தீன் பை, அழுகிய மாலை. எல்லாம் நம்மைப் போன்றவர்கள் விட்டுப் போனதுதான். அதற்கப்புறம் நகரத்துச் சாக்கடையும் வந்து சேருகிறது. திருப்பூர்ப் பாலத்தருகே கார் நின்றபோது, "இது அதே ஆறா அம்மா?" என்று கேட்டாள் என் பெண்.

சென்னிமலைக்கு அருகே இருக்கிறது ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டினார்கள். திருப்பூர்ச் சாயக்கழிவு அதில் வந்து தேங்கியது. பயிருக்கென்று கட்டிய அணையின் தண்ணீரைப் பயிருக்கு விட முடியாமல் போயிற்று. சுற்று வட்டாரக் கிணறுகளும் உப்பாகின.

வழியில் ஒரு தோட்டத்து வீட்டில் தண்ணீர் கேட்டோம். அந்த வீட்டுப் பெரியம்மா குடத்திலிருந்து மொண்டு கொடுத்தார். "இது குழாய்த் தண்ணிங்க அம்மிணி. கெணத்துத் தண்ணி பார்க்கப் பளிங்காட்டம் இருக்கும். வாயில வெக்க முடியாதுங்க" என்றார்.

"காய்ச்சிக் குடித்தால் சரியாகாதா பெரியம்மா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "உப்புக் கூடிப் போன ரசத்தை இன்னும் கொதிக்க விட்டா என்னாகுமுங்க? உப்பு ஏறத்தானே செய்யும்!"

எத்தனை வருஷம் சமைத்திருக்கிறேன், எனக்கு இது தோன்றவில்லையே! காய்ச்சினால் கிருமி சாகும், கரைந்த உப்பு போகாது. துணியில் வடிகட்டினாலும் போகாது.

இத்தனை உப்பு எங்கிருந்து வந்தது? பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க நிறைய உப்புப் போடுகிறார்கள். துணியில் சாயம் ஏறிய பிறகு, மிச்சச் சாயமும் அநேகமாக அந்த உப்பு முழுவதும் கழிவுத் தண்ணீரில்தான் நிற்கும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவைச் சுத்திகரித்து, தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து, மறுபடி பயன்படுத்த வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. செலவு அதிகம்தான். ஆனால் மண்ணில் இறங்கிய உப்பை எடுப்பது அதைவிடக் கஷ்டம்.

சகோதரிகளே, பட்டறையை நாம் நடத்தவில்லை. ஆனால் சாக்கடைக்குப் போவது நம் வீட்டுத் தண்ணீர்தானே? சில காரியங்கள் நம் கையிலேயே இருக்கின்றன:

* சலவைத் தூளை அள்ளிப் போடாமல் அளந்து போடுங்கள்.

* வாணலியில் மிஞ்சிய எண்ணெயைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பழைய காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள்.

* காலாவதியான மருந்துகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள்.

* கழிவறைக் குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 50 அடியாவது இடைவெளி இருக்கட்டும்.

* பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் கிணறு, போர்த் தண்ணீரைக் குடிப்பதானால், குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது.

* ஆற்றில் குளித்தால் பழைய துணியை அங்கே விடாதீர்கள். வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.

கிளம்பும்போது பெரியம்மா குழந்தைகளின் பாட்டில்களை நிரப்பிக் கொடுத்தார். பாதி குடித்துவிட்டு மீதியை வாசலில் ஊற்றப் போன என் மகன், ஒரு கணம் நின்றான். அப்புறம் பக்கத்தில் இருந்த முருங்கைக் கன்றுக்கு ஊற்றிவிட்டு வந்தான்.