வலுவும் சுமையும்

தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவரொருவர் டீசல் எஞ்சினைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தரலாம். எனது பல்கலைக்கழகப் படிப்பு ஒரு பிக்கப் வண்டியின் முதுகிலேறியே வந்ததென்பதை அறிந்தவர்கள் வியக்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டங்களில் விளையும் வெங்காயத்தையும் பீற்றூட்டையும் தம்புள்ளைச் சந்தைக்கும், சில வேளைகளில் மாத்தளை தாண்டிக் கண்டிக்கும் ஏற்றிச் செல்வது என் தந்தையாரின் தொழில். வண்டி, 2.5 லீற்றர் டீசல் எஞ்சின் பொருத்திய டொயோட்டா ஹைலக்ஸ்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியொன்று காணித்துண்டின் விலை பெற்றது. 2022இல் டீசலுக்காக இரவிரவாக வரிசையில் நின்றோம். பின்னர் கியூஆர் அட்டையின் பங்கீட்டுக்குள் வாழப் பழகினோம். புதிய வண்டி வாங்க இயலாத நிலையில், இருக்கின்ற வண்டியிலிருந்து இன்னுஞ் சிறிது பெறமுடியுமா என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. அவ்வெண்ணத்துக்கு விடையாக ஓர் இளைஞர் மடிக்கணனியுடன் எங்கள் முற்றத்துக்கு வந்தார். எஞ்சினைத் திறக்காமலே அதன் வலுவை நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் கூட்டித்தருவதாகக் கூறினார்.

இது மாயமன்று. இன்றைய டீசல் எஞ்சினில், ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அமுக்கத்தில் எரிபொருள் பொதுக் குழாயொன்றில் காத்து நிற்கின்றது. எத்துணை எரிபொருளை, எக்கணத்தில் உள்ளே பாய்ச்சுவது என்பதைக் கட்டுப்பாட்டுக் கணனியிலுள்ள அட்டவணைகள் தீர்மானிக்கின்றன. சுழற்சி வேகம் ஒருபுறம், மிதியின் நிலை மறுபுறம். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஓர் எண். அந்த எண்களை மாற்றி எழுதுவதே இக்காலத்து ‘ரியூனிங்’. டீசல் எஞ்சின் எப்போதும் தேவைக்கு மேற்பட்ட காற்றுடனேயே எரிவது. எனவே எரிபொருளைக் கூட்டினால் எரிப்பதற்கு ஒட்சிசன் இருக்கும். ரேர்போவின் அமுக்கத்தையும் சற்று உயர்த்தினால் மேலும் காற்று வரும். ரேர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினில் இவ்வித்தை மிகச் சொற்ப பயனையே தரும். காற்றும் எரிபொருளும் அங்கு ஏற்கெனவே கணக்குத் தீர்த்துக்கொண்டவை.

இதே 2.5 லீற்றர் எஞ்சினை உற்பத்தியாளரே முதலில் 75 கிலோவாற்று வலுவுடனும் பின்னர் 106 கிலோவாற்று வலுவுடனும் விற்றிருக்கின்றனர். ஆகவே இரும்பினுள் இடமிருந்தது உண்மை. ஆயின் 106 கிலோவாற்றுக்கு அவர்கள் எண்களை மாத்திரம் மாற்றவில்லை. காற்றைக் குளிர்விக்கும் கருவியையும், இதழ்கள் அசையும் ரேர்போவையும் சேர்த்தே கொடுத்தனர். மடிக்கணனி கொண்டு வருவோர் இந்த இரண்டாவது பாதியை அவ்வளவாகப் பேசுவதில்லை.

மாத்தளைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள பலகடுவை ஏற்றமே எங்கள் வண்டிக்குச் சோதனைக்களம். வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோகிராம், ஏற்றம் நூற்றுக்கு எட்டு, வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர் என்று கொண்டால், புவியீர்ப்பை வெல்ல வேண்டிய வலு ஏறத்தாழ 26 கிலோவாற்றுத்தான். விஞ்ஞான பீடத்து நண்பரொருவர் விடுதி உணவுச்சாலையில் ஒரு பற்றுச்சீட்டின் பின்புறத்தில் இதைக் கணித்துக் காட்டினார். ரயர் உராய்வையும் காற்றெதிர்ப்பையும் சேர்த்தாலும் எஞ்சினின் முழுவலுவில் அரைவாசி தேவையில்லை. அப்படியானால் வண்டி ஏன் திணறியது? முழுவலு என்பது எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போது கிடைப்பது. ஏற்றத்தில், ஆயிரத்தைந்நூறு சுழற்சிக்குக் கீழே, கிடைப்பது அதன் சிறு பங்கே. அங்கே வேண்டியது முறுக்குவிசை. விளம்பரங்கள் உச்சவலுவைப் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. சுமையேற்றுபவனுக்கோ அந்த எண்ணால் ஆவது குறைவு.

தந்தையார் இக்கணக்கைக் கேட்டுச் சிரித்தார். தொண்ணூறுகளின் முற்பகுதியில், பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், கராஜ் ஒன்றில் வேலை பழகியவர் அவர். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்ததே அங்கு நடந்த ‘ரியூனிங்’. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தட்டுச் சத்தம் வராதிருக்கத் தீப்பொறி விழும் நேரத்தைக் காதால் கேட்டே பின்தள்ளுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும்; பிளக்குகளில் கரி படியும். வலு குறைந்தது, ஆயுள் குறைந்தது. ஆனாலும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். ‘செயலாற்றல்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருளைக் காட்டிலும் இதில் எனக்கு விளங்கியது அதிகம்.

“கூட்டுறதுக்கு முதல், குறைஞ்சது எங்கையெண்டு பாப்பம் பிள்ளை” என்றார் அவர். பார்த்தபோது காற்று வடிகட்டியில் செம்புழுதி அடைத்திருந்தது. ரேர்போவிலிருந்து காற்றைக் கொண்டுசெல்லும் இறப்பர்க் குழாயின் அடியில் விரல் நீள வெடிப்பொன்று இருந்தது. அமுக்கிய காற்றில் ஒரு பகுதி எத்தனை மாதங்களாக வீதிக்குப் போய்க்கொண்டிருந்ததோ! குழாயை மாற்றியபின் சென்ற முதற் பயணத்திலேயே, முன்பு இரண்டாம் கியரில் இரைந்து ஏறிய இடங்களை வண்டி மூன்றாம் கியரில் ஏறியது.

இளைஞரையும் அவர் திருப்பி அனுப்பவில்லை. நடுத்தர வேகத்தில் மாத்திரம், கேட்டதில் பாதி, புகை வரக்கூடாது, பழைய அட்டவணையின் பிரதி தம் கையில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனைகளுடன் எண்களை மாற்றச் சம்மதித்தார். கரும்புகையைப் பற்றிய கவலை நியாயமானது. 2008 முதல் நடைமுறையிலுள்ள வருடாந்தப் புகைப் பரிசோதனையில் தேறாவிட்டால் அனுமதிப்பத்திரமே கிடையாது. மாற்றத்தின் பயன் இருந்தது. மிதித்தவுடன் வண்டி முன்னிலும் விரைந்து பதில் சொன்னது. ஆனால் குழாய் மாற்றியபோது உணர்ந்த வேறுபாட்டை விட அது சிறியது. வலுமானியில் ஏற்றி அளக்காமல் கூறப்படும் நூற்றுவீதங்களை நான் நம்பத் தயாரில்லை. தந்தையாரின் எரிபொருட் குறிப்பேட்டிலோ, குழாய் மாற்றிய வாரத்தில் ஒரு முன்னேற்றம் தெரிகின்றது. கணனி மாற்றிய வாரத்தில் குறிப்பிடத்தக்க எதுவும் இல்லை.

எட்டு மாதங்களின்பின், மழையிரவொன்றில், முழுச்சுமையுடன் பலகடுவையில் ஏறுகையில் கிளச் கருகும் மணம் எழுந்தது. விடுமுறை முடிந்து திரும்பிய நான் பக்கத்து ஆசனத்திலிருந்தேன். எஞ்சின் இரைந்தது, சில்லுகள் அதற்கேற்பச் சுழலவில்லை. கூடிய முறுக்குவிசை எஞ்சினோடு நின்றுவிடாது. கிளச், கியர்ப்பெட்டி, அச்சு என ஒவ்வொன்றையும் கடந்தே நிலத்தை அடையவேண்டும். பழைய கிளச் தட்டு முன்பே தேய்ந்திருந்ததா, புதிய எண்கள்தாம் அதைத் தேய்த்தனவா என்பதில் தந்தையாருக்கும் இளைஞருக்கும் கடைசிவரை உடன்பாடு ஏற்படவில்லை. செலவு மாத்திரம் ஐயத்துக்கிடமின்றி எங்களுடையது. அவ்வாண்டு என் விடுதிக் கட்டணம் இரண்டு மாதம் பிந்தியது.

புதிய கிளச் போட்ட அன்றே பழைய அட்டவணையும் கணனிக்குள் திரும்பியது. இப்போதும் வண்டி பலகடுவையில் மூன்றாம் கியரில் ஏறுகின்றது. கடைசி வளைவுகளில் மாத்திரம் இரண்டாவதுக்கு இறக்கவேண்டும்.