நாய்க்குச் சீப்பு எதற்கு?



சிப்காட்டில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் போன் செய்தார். வீட்டில் லாப்ரடார் குட்டி வாங்கியிருக்கிறார்களாம். "சார், மாசாமாசம் பெங்களூர் கூட்டிட்டுப் போய் க்ரூமிங் பண்ணணும்னு சொல்றாங்க. அதெல்லாம் பணக்காரங்க ஆடம்பரம்தானே?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கடைக்குக் கூட்டிப்போவது அவரவர் வசதி. ஆனால் நாயைச் சீவி, உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பது ஆடம்பரம் இல்லை. எங்கே வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. முடி மூடியிருப்பதால் நம் கண்ணுக்கும் தெரியாது. விரலுக்குத்தான் தெரியும்.

இது புதுப் பழக்கமும் இல்லை. நம் மத்திகிரி கால்நடைப் பண்ணை 1824-ல் படைக்குக் குதிரை வளர்க்கத் தொடங்கிய இடம். குதிரை வைத்திருப்பவர்கள் தினமும் அதைத் தேய்த்து விடுவார்கள். சேணம் உரசிய புண்ணும் கால் வீக்கமும் அப்போதுதான் கைக்குத் தட்டுப்படும். மாட்டைக் குளிப்பாட்டும்போது உண்ணி பிடுங்கிய நம் பாட்டிமாருக்கும் இது தெரியும்.

எங்கள் தெருவில் சென்ற ஆண்டு ஒரு நாய் இறந்தது. வேளாவேளைக்குச் சோறு, தடுப்பூசி எல்லாம் உண்டு. இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்தது. வெயில் என்று நினைத்தார்கள். மூக்கில் ரத்தம் வந்த பிறகுதான் டாக்டரிடம் ஓடினார்கள். எர்லிச்சியா என்று சொன்னார். உண்ணி கடித்துப் பரவும் நோய். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்து போயிருந்தன. கழுத்துப்பட்டைக்கு அடியிலும் விரல் இடுக்கிலும் மிளகு மிளகாக உண்ணி. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது. அந்த வீட்டுச் சின்னப்பெண் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

முடி குறைவான நம் நாட்டு நாய்க்கும் உண்ணி வரும். ஒரு பெண் உண்ணி சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால் படுக்கும் இடத்தையும் சுத்தம் செய்ய வேண்டும்.

தினமும் பத்து நிமிடம் போதும். காது உள்பக்கம், அக்குள், விரல் இடுக்கு, வால் அடி, பட்டைக்குக் கீழே தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்காதீர்கள், மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தீக்குச்சி வைக்காதீர்கள். காதில் நாற்றம் வந்தால் பட்ஸ் விட்டுக் குடையாமல் டாக்டரிடம் காட்டுங்கள். நகம் தரையில் டக் டக் என்று கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. விட்டால் நடையே கோணும். நாம் போடும் சோப்பு அதன் தோலுக்கு ஆகாது, நாய்களுக்கான ஷாம்பு போடுங்கள். ஹஸ்கி போன்ற அடர்முடி நாயை வெயிலுக்காக மொட்டை அடிக்காதீர்கள். அந்த முடிதான் வெயிலையும் தடுக்கிறது.

சீப்பு மட்டும் போதாது. உண்ணித் தடுப்பு மருந்து எது, எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். ஈறு வெளுத்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

வீட்டில் நாய் வைத்திருக்கும் பிள்ளைகள் இன்று இரவே ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.