எழுதிக் கொடுத்தவர் யார்?

பத்திரம் கைக்கு வந்தால் விலையையும் நான்கெல்லையையும் பிறகுதான் பார்ப்பேன். முதலில், எழுதிக் கொடுப்பவர் யார், எழுதி வாங்குபவர் யார்? மைனரா, கோயிலா, கம்பெனியா? ஆள் சரியில்லை என்றால் மீதியைப் படித்துப் பயனில்லை. பீர்மேடு, குமுளிப் பக்கத்து வக்கீல் தொழில் கற்றுத் தந்த பழக்கம் இது.

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டத்தைப் பாட்டத்துக்கு விட்டிருக்கும் கம்பத்துப் பெரியவர் ஒருமுறை கேட்டார்: "வக்கீலய்யா, பெரியாத்து அணைக்கு 999 வருசக் குத்தகைங்கிறாக. அம்புட்டு வருசம் எந்த ஆளு உசுரோட இருப்பான்?"

தொழில்காரன் கேட்க வேண்டிய கேள்வி. முல்லைப் பெரியாற்று அணைக்காக 1886 அக்டோபர் 29 அன்று 8,000 ஏக்கரை, ஏக்கருக்கு 5 ரூபாய் பாட்டத்தில் எழுதிக் கொடுத்தது திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசாங்கம். கையெழுத்துப் போட்டவர் திவான் ராமய்யங்கார். எழுதி வாங்கியவர் லண்டனில் இருந்த இந்தியா மந்திரி. அது ஆளல்ல, பதவி. வழக்குப் போடவும் வழக்கைச் சந்திக்கவும் 1858ஆம் ஆண்டுச் சட்டமே அதற்குத் தகுதி கொடுத்திருந்தது. மந்திரி சாகலாம், பதவி சாகாது.

சிக்கல் எழுதிக் கொடுத்தவர் பக்கம்தான். இது ஓர் அரசு இன்னோர் அரசோடு செய்த உடன்படிக்கை என்றால், 1947ஆம் ஆண்டு இந்திய சுதந்திரச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சமஸ்தான உடன்படிக்கைகளோடு சேர்த்து இதையும் முடித்திருக்கும். எழுதிக் கொடுத்தவர் இடத்தில் இன்று நிற்கும் கேரளம், வாங்கியவர் இடத்தில் நிற்கும் தமிழ்நாட்டோடு நடந்த வழக்கில் அப்படித்தான் வாதாடியது. வேடிக்கை என்னவென்றால், சமஸ்தான மன்னர்களைச் சர்வதேசச் சட்டத்தின் நபர்களாக ஆங்கிலேயர் மதிக்கவில்லை. மணிப்பூர்க் கலகத்துக்குப் பின், 1891இல், தங்களுக்கும் சமஸ்தானங்களுக்கும் இடையே அந்தச் சட்டத்துக்கு இடமில்லை என்று கெஜட்டிலேயே போட்டார்கள். திருவிதாங்கூர் சொந்தமாக அஞ்சல் தலை அடித்த காலம் அது!

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: இது அரசியல் உடன்படிக்கை அல்ல, சாதாரணக் குத்தகை; செல்லும். இன்றைக்கும் இரு மாநிலங்களும் சர்வதேசச் சட்டத்தின் முன் தனி நபர்கள் அல்ல. ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம் நாடுகளின் வழக்கை மட்டுமே எடுக்கும். நம் சண்டைக்கு அரசியல் சாசனத்தின் 131ஆம் பிரிவுப்படி டெல்லிதான்.

எல்லாம் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னார்: "அப்ப அந்தச் சீட்டுல ராசாவும் என்னைய மாதிரி பாட்டத்துக்கு விட்டவருதான்."

அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. சிம்மாசனத்தில் யாராக இருந்தாலும், சீட்டில் என்னவாக நிற்கிறாரோ அதுவே கோர்ட்டுக்கு ஆள்.