வாழைத் தோட்டத்துக்கு அடியில் ஒரு துறைமுகம்!

ஆடி மாதம் என்றால் எங்கள் விளாத்திகுளம் கரிசலில் வேலை குறைவு. கோடை உழவு முடிந்திருக்கும். புரட்டாசி விதைப்புக்கு நாள் கிடக்கும். அந்த இடைவெளியில்தான் கல்யாணம், காதுகுத்து, ஊர்ப் பயணம் எல்லாம். போன ஆடியில் ஏரலில் இருக்கும் சம்பந்தி போன் போட்டார். "பனிமய மாதா திருவிழா கொடியேறியாச்சு. தூத்துக்குடியைப் பாத்துட்டு அப்படியே நம்ம வீட்டுக்கு வாங்க. வாழையையும் ஒரு எட்டு பாத்த மாதிரி இருக்கும்" என்றார்.

தூத்துக்குடி எனக்குப் புது ஊர் இல்லை. என் தாத்தா பருத்திப் பொதியை மாட்டு வண்டியில் ஏற்றி இரவெல்லாம் ஓட்டி வந்த ஊர். இன்றைக்கும் நகரத்தின் பெரிய கடைத்தெருவுக்கு 'கிரேட் காட்டன் ரோடு' என்றுதான் பெயர். அது எங்கள் கரிசல் பருத்தி போட்ட பெயர் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் சரக்கைப் போட்டோமா, காசை வாங்கினோமா என்று திரும்பியதைத் தவிர அந்த ஊரை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

இந்த முறை பார்த்தேன். பனிமய மாதா பேராலயம் கடற்கரையை ஒட்டியே நிற்கிறது. இப்போதுள்ள கோயில் 1713-ல் எழுந்தது. 1982-ல் பசிலிக்கா என்ற தகுதி கிடைத்தது. ஆகஸ்ட் 5 பெருவிழாவுக்குப் பரதவர்கள் மட்டுமல்ல, எல்லா ஊர், எல்லாச் சாதி சனங்களும் வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வார்கள். ஆயருடைய ஆசனம் இருப்பது வேறு கோயிலில். அது திரு இருதய பேராலயம். 1923-ல் மறைமாவட்டம் பிறந்தபோது முதல் ஆயராக வந்தவர் ரோச் ஆண்டகை. 

1500-களில் போர்த்துக்கீசியர், 1658-ல் டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆள் மாறி ஆள் இந்த ஊரைப் பிடித்தார்கள். எல்லாருக்கும் கண் ஒன்றின் மேல்தான்: முத்து. ஆங்கிலேயர் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவருக்கு, மீதி இரண்டு பங்கு சர்க்காருக்கு. நம் வாரச் சாகுபடியே பரவாயில்லை என்று தோன்றியது. இடுப்பில் கயிறு, காலில் கல். மூச்சை அடக்கி ஆள் இறங்க, மேலே தோணியில் கயிறு பிடிப்பவர் அவருடைய மைத்துனராக இருப்பது வழக்கமாம். தங்கச்சி தாலி என்ற பயத்தில் மச்சான் கயிறைக் கை நழுவ விடமாட்டான் என்பது கணக்கு. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதன்பின் பார்களில் சிப்பி தேறவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வேப்பலோடையில் சிப்பிக்குள் கருவை வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். சங்கு குளிப்பது மட்டும் இன்னும் நடக்கிறது.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்த சம்பந்தி, பஸ்ஸில் ஏறியதும் ஒரு கேள்வி போட்டார். "தூத்துக்குடிக்கு முந்தி முத்துத் துறைமுகம் எதுங்க சம்பந்தி?" "கொற்கை" என்றேன். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். "அது எங்க இருக்கு?" "கடற்கரையிலதான் இருக்கும்..." அவர் சிரித்தார். "எங்க வாழைத் தோட்டத்துக்குப் பக்கத்துல இருக்கு. கடலைப் பாக்கணும்னா பைக்ல போகணும்."

துறைமுகம் நகர்ந்த கதை

திருச்செந்தூர் சாலையில் பழையகாயலில் இறங்கினோம். இருபுறமும் உப்பளம். வெயிலில் கண் கூசுகிறது. 1292 வாக்கில் மார்க்கோ போலோ வந்து இறங்கிய காயல் இதுதான். ஏடன், ஓர்முசு, அரபு நாடுகளிலிருந்து குதிரை ஏற்றி வந்த கப்பல்கள் எல்லாம் தொட்டுப் போன பெரிய பட்டணம் என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். இப்போது அங்கே கப்பல் வர வழியில்லை. கடல் கிழக்கே விலகிப் போய்விட்டது.

காரணம் தாமிரபரணி. மேலே பொதிகையில் பிறந்து, வெள்ளம் வரும்போதெல்லாம் வண்டலை அள்ளிக்கொண்டு வந்து கடல் வாயில் கொட்டுகிறது. கொட்டக் கொட்ட முகத்துவாரம் தூர்ந்து, கரை கடலுக்குள் நீளும். முதலில் கொற்கை தூர்ந்தது. கப்பல்கள் கீழே காயலுக்கு வந்தன. காயலும் தூர்ந்தது. பிறகு புன்னைக்காயல். கடைசியில், பெரிய ஆறு எதுவும் வந்து விழாத, தீவுகள் அலையைத் தடுத்து நிற்கும் தூத்துக்குடிக்கு வியாபாரம் போய்ச் சேர்ந்தது. 1800-களில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் இந்த இடங்களுக்கெல்லாம் வந்து, மண்ணைத் தோண்டிப் பார்த்து, கொற்கை இது, காயல் இது என்று அடையாளம் சொன்னார்.

முக்காணிப் பாலம் தாண்டினால் ஆத்தூர். புவிசார் குறியீடு வாங்கிய ஆத்தூர் வெற்றிலை விளைகிற மண். கொடிக்கால்களுக்குள் நுழைந்தால் வெயில் தெரியாது. அகத்தி நிழல், ஈரம், ஒரு குளிர்ச்சி. கரிசல்காரனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கொடிக்காலில் ஒருவர், கீழே போகப் போகக் கிணற்றில் உப்பு ஏறுகிறது, ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடினால்தான் நிலத்தடியும் இனிக்கும் என்றார்.

புன்னைக்காயலில் ஆறு கடலில் சேர்கிறது. அலையாத்திச் செடிகள், படகுகள், கருவாடு காயும் மணம். 1500-களில் போர்த்துக்கலிலிருந்து வந்து, நம் மொழியைக் கற்று, இந்தக் கரையிலேயே வாழ்ந்து 1600-ல் இறந்த அண்ட்ரிக் அடிகளார் பணி செய்த ஊர் இது. அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் அச்சானது. தமிழ் எழுத்தை ஈயத்தில் வார்த்து அச்சிட்ட 16 பக்கப் புத்தகம். இந்திய மொழிகளில் எழுத்து அச்சேறியதில் தமிழுக்கு முதல் இடம் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பெருமைக்கு ஊரில் ஒரு பெரிய அடையாளம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மீன் வலை பின்னுகிறவர்களோடு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை கொற்கை. ஏரலிலிருந்து உமரிக்காட்டு வழியாகப் பைக்கில் போனோம். வழி நெடுக வாழை. அப்புறம் ஒரு குளம், ஒரு சின்னக் கிராமம், ஒரு பழைய வன்னி மரம். அவ்வளவுதான். பாண்டியர் துறைமுகம், கிரேக்கர்கள் 'கொல்கி' என்று எழுதி வைத்த பட்டணம், தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளிக்கிறார்கள் என்று முதலாம் நூற்றாண்டு மாலுமி ஒருவர் குறித்த இடம் இதுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கடல் இங்கிருந்து சுமார் 6 கிலோமீட்டர்.

கோட்டை இல்லை, கோபுரம் இல்லை. ஆனால் குனிந்தால் இருக்கிறது. வரப்பு ஓரத்தில் பானை ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. மாநிலத் தொல்லியல் துறை 1968-69-ல் இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று வந்தது. 2021-ல் மறுபடி தோண்டினார்கள். செங்கல் கட்டுமானம், சங்கு அறுத்த கழிவு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சுடுமண் குழாய்கள் கிடைத்தன. குழியைப் பதிவு செய்துவிட்டு மூடிவிட்டார்கள். இன்றைக்கு மேலே நின்றால் ஒன்றும் தெரியாது.

எனக்குப் பாஞ்சாலங்குறிச்சி நினைப்பு வந்தது. 1801-ல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கி, ஆமணக்கு விதைத்தார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஒரு ஊரை அழிக்க அதன்மேல் ஏர் ஓட்டினால் போதும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. கொற்கையை யாரும் இடிக்கவில்லை. ஆறு மூடியது, நாம் உழுதோம்.

செங்கல் சொன்ன சேதி

சம்பந்தி வீட்டுக்குத் திரும்பிக் கிணற்றடியில் கை கால் கழுவும்போதுதான் அதைப் பார்த்தேன். துவைக்கிற கல்லுக்கு முட்டுக்கொடுத்து ஒரு செங்கல். நம் செங்கலைவிட நீளம், அகலம் இரண்டும் பெரிது. கனம் குறைவு, தட்டை. பக்கத்திலேயே ஒரு டப்பாவில், ரம்பம் போட்ட மாதிரி நேராக அறுத்த சங்கு வளையத் துண்டு நாலைந்து.

"இது ஏது?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "2023 மார்கழி வெள்ளத்துல நம்ம தோட்டம் பூரா மேல்மண் போயிருச்சுல்லா. அதுக்கு இந்த வைகாசியில தாசில்தார் அனுமதி வாங்கி, பக்கத்துக் குளத்துல இருந்து வண்டல் அடிச்சேன். டிராக்டர்ல கொட்டின மண்ணுக்குள்ள இது வந்துச்சு. வெளிய சொல்லலை."

அந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் தண்ணீருக்குள் கிடந்தது. திருவைகுண்டம் ஸ்டேஷனில் ரயில் நின்று பயணிகள் தவித்தார்கள். சம்பந்திக்குக் குலை தள்ளிய வாழை அத்தனையும் சாய்ந்தது.

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நிலத்தை எடுத்துக்கிடுவாங்கன்னு பயம்தான். நீங்களே சொல்லுங்க, ஒரு ஏக்கர் வாழைதான் எனக்குச் சோறு."

இந்தப் பயம் அவருக்கு மட்டும் இல்லை. ஆற்றங்கரை ஊர்களில் பலருக்கும் இருக்கிறது. அதனால் எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். பானை ஓடோ செங்கலோ கிடைத்தது என்பதற்காகப் பட்டா நிலம் பறிபோய்விடாது. கீழடியில் தோண்டியது தென்னந்தோப்புக்குள். நில உரிமையாளர் சம்மதத்தோடு குழி போட்டு, வேலை முடிந்ததும் மூடுகிறார்கள். பொன், வெள்ளி, காசு போன்ற புதையல் என்றால் 1878-ம் வருஷச் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால்தான் குற்றம். கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது நல்லது.

அதே சமயம் பயத்தில் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்துவிட்டால், எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டடம் கட்ட முடியாது. அதைத் தாண்டி 200 மீட்டர் வரை அனுமதி வேண்டும். ஒரு மோட்டார் அறை போடுவதற்கு அலைய வேண்டியிருக்கும். வரலாறு எல்லாருக்கும் சொந்தம் என்கிறவர்கள், அதன் தொந்தரவு மட்டும் ஏன் ஒரு ஏக்கர்காரனுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதற்கும் பதில் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் சிவகளைப் பக்கம் போனோம். 2020-ல் அங்கே தோண்டிய முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் நெல் இருந்தது. அதன் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் வந்தது. மூவாயிரத்து நூறு வருஷத்துக்கு மேல்! சம்பந்தி அந்தப் பொட்டலில் நின்று வெகுநேரம் பேசவில்லை. "முத்துக்கும் முந்தியே நெல்லு இருந்திருக்குது" என்றார். அங்கிருந்து ஆற்றைத் தாண்டி ஆதிச்சநல்லூர். 1876-லேயே ஜெர்மன்காரர் ஒருவர் தோண்டிப் பார்த்த பறம்பு. இப்போது தாழிகளை எடுக்காமல், இருந்த இடத்திலேயே வைத்து, மேலே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கண்ணாடி மேல் நின்று குனிந்து பார்த்தபோதுதான், பொருள் எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதற்கு இவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்று எனக்குப் பிடிபட்டது.

ஊர் திரும்பி ஒரு வாரம் கழித்துச் சம்பந்தி போன் செய்தார். செங்கலையும் சங்குத் துண்டுகளையும் பள்ளிக்கூட வரலாற்று ஆசிரியர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்வதாகச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டாராம்.

"என்ன கேட்டாரு?"

"ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு சம்பந்தி. குளத்துல எந்த மூலையில அள்ளின மண்ணுன்னு. எனக்கு எங்க தெரியும்? நாப்பது நடை அடிச்சிருக்கேன். மெஷின்காரன் பத்து இடத்துல அள்ளினான்."

"மெஷின்காரனைக் கேக்கலாம்ல?"

"அதுக்குத்தான் ஆள் விட்டிருக்கேன். அவன் இப்ப சாத்தான்குளம் பக்கம் வேற குளத்துல அள்ளிக்கிட்டு இருக்கானாம்."